கேட்டால் தண்ணீர் கொடுக்கலாம்

தாட்சாயிணி வேலையை விட்டுவிட்டு நர்ஸுக்குப் படிக்கப் போகிறாள் என்று செய்தி பரவியபோது, மண்ணூர்பேட்டையில் அவர்கள் தெருவில் சிரிக்காமல் இருந்தவர்கள் பல்வலிக்காரர்கள் மட்டும்தான். முப்பது தாண்டிய வயது, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை, வருஷக்கணக்காகப் பார்த்த டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலை. இதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, பிளஸ் டூ முடித்த கையோடு வந்த பிள்ளைகள் பக்கத்தில் போய் ஒருத்தி பெஞ்சில் உட்காருவாளா? உட்காருவேன் என்றாள். அவள் கணவன் நாகேந்திரன், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல மனிதன்தான், ஆனால் நல்ல மனிதர்களுக்கும் வாய் சும்மா இருப்பதில்லை.

"இப்பவும் ஆஸ்பத்திரிலதான் கீற. கோட்டு போட்டுகினு கீற. வர்றவன் போறவன் எல்லாம் சிஸ்டர்னுதான் கூப்புடுறான். அப்புறம் இன்னாத்துக்குப் புதுசா சிஸ்டர் ஆவணும்?" என்றான்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். அம்பத்தூரில் அவள் வேலை பார்த்த டயாலிசிஸ் சென்டரில், ஒரு மழைநாள் காலையில், மெஷினில் படுத்திருந்த ஒரு டீச்சரம்மாவின் இதயம் நின்றுபோனது. டாக்டர் வந்தார், நர்ஸுகள் ஓடிவந்தார்கள், நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அப்புறம் அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள். நர்ஸுகள் அந்த அம்மாளின் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கலைந்த தலையை வாரி, புடவையைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். தாட்சாயிணியின் வேலை குழாய்களைக் கழற்றி மெஷினைக் கழுவுவது. வெளியே அடுத்த ஆள் எடை பார்த்துவிட்டுக் காத்திருந்தார். அதே மெஷினை அவருக்கு மாட்டிவிட்டாள். டீச்சரம்மாவின் கையில் அத்தனை காலம் ஊசி குத்தியவள் அவள். கடைசியாகத் தலை வாரிவிட்டது புதிதாக வேலைக்குச் சேர்ந்த யாரோ ஒரு பெண். இதை நினைத்து நினைத்து அவளுக்கு மனசு ஆறவில்லை. மெஷின் பக்கம் நின்றது போதும், இனி மனுஷர் பக்கம் நிற்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். பைத்தியக்காரத்தனம் என்றால் பைத்தியக்காரத்தனம்தான்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. வகுப்பில் எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். ரோஷினி என்ற பெண் மட்டும் ஒருமுறை வாய்தவறி ஆன்ட்டி என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் குழந்தைக்குத் தலை பின்னும் வேலை நாகேந்திரனிடம் வந்து சேர்ந்தது. அவன் பின்னிய சடை பள்ளிக்கூட வாசலை எட்டும்முன் அவிழ்ந்துவிடும். முணுமுணுத்துக்கொண்டே மறுநாளும் பின்னினான்.

முதல் வருஷம் வார்டுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் ஸ்டாஃப் நர்ஸ் நிவேதிதாவோடு அவளுக்கு முதல் உரசல். நிவேதிதா அவளைவிடச் சின்னவள், வேலையில் கெட்டி. ஒருநாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு நோயாளிக்கு அவசரத்தில் இடது கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். அந்தக் கையில்தான் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அதை இறுக்கினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இந்தக் கையில் சுற்றக்கூடாது என்று சொல்லி, தாட்சாயிணி பாய்ந்துபோய்ப் பட்டையை அவிழ்த்துவிட்டாள். எல்லார் முன்னாலும்.

நிவேதிதா முகம் சிவந்தாலும் குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொன்னது சரி. ஆனா இங்க நீங்க டெக்னீஷியன் இல்ல, ஸ்டூடண்ட். தப்புன்னு பட்டா என்னைக் கேளுங்க. நீங்களா எதையும் பண்ணாதீங்க" என்றாள்.

சரி என்று தலையாட்டினாள் தாட்சாயிணி. ஆனால் அந்தப் பேச்சில் "நீங்க சொன்னது சரி" என்ற பகுதியை மட்டும்தான் மனசு பத்திரப்படுத்திக்கொண்டது. நம் எல்லாருக்கும் இருக்கிற வியாதிதான் இது.

அந்த வார்டுக்குத்தான் கங்காதரன் வந்து சேர்ந்தார்.

கங்காதரன் பருத்திப்பட்டுக்காரர். மூன்று தலைமுறையாக ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம்; இப்போது அந்த நிலத்தில் லிஃப்ட் வைத்த வீடுகள் நிற்கின்றன. சாயங்காலம் ஏரிக்கரையில் ஐ.டி.க்காரர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, "துரத்துறவன் யாருன்னே தெரில, இவன் பாட்டுக்கு ஓடிகினே கீறான்" என்பார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் அம்பத்தூர் சென்டருக்கு வருவார். அங்கே வேலை பார்த்த காலத்தில் பெரும்பாலும் தாட்சாயிணிதான் அவருக்கு ஊசி போடுவாள். மற்றவர்கள் குத்தினால் முகத்தைச் சுளிப்பார்.

சிறுநீரகம் போனவர்களுக்குத் தண்ணீர்தான் எதிரி. குடித்தது வெளியே போக வழியில்லை. காலில் இறங்கி வீங்கும், நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். அதனால் வந்தவுடன் எடை பார்ப்பார்கள். எடை ஏறியிருந்தால் தாட்சாயிணி விடமாட்டாள். மோரா, ரசமா, தர்பூசணியா என்று துருவித் துருவி உண்மையை வரவழைத்துவிடுவாள். "போலீசு வந்துடுச்சு" என்று கங்காதரன் கையை நீட்டுவார். வெயில் காலத்தில் அவர் படும் பாட்டைப் பார்க்க அவளுக்கே தொண்டை வறளும். ஆனாலும் இளகமாட்டாள். உதடு காய்ந்தால் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, துடைத்துவிட வேண்டும் என்று அவர் மனைவி வேம்புலியம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். வேம்புலியம்மாள் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டில் சொம்பையும் டம்ளரையும் பூட்டி வைத்தாள். கட்டிய புருஷன் தண்ணீர் கேட்க, தராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நான்கு கோடையைக் கடத்தினாள்.

வார்டில் தாட்சாயிணியைச் சீருடையில் பார்த்ததும் அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தோ பாருய்யா, யாரு வந்து கீறான்னு. நம்ம பொண்ணு. இனிமே எனுக்குக் கவலை இல்ல" என்று கணவனின் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

கங்காதரன் பாதிக் கண் திறந்தார். ஆள் மிகவும் வாடியிருந்தார். இதயமும் தளர்ந்துவிட்டது என்று சேர்த்திருந்தார்கள். "போலீசு" என்றார், சிரிக்க முயன்றார்.

அது புதன்கிழமை. மறுநாள் வியாழன், காலையில் ஷிஃப்ட் மாறும்போது, நிவேதிதா படுக்கை படுக்கையாக நின்று ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தாள். மாணவிகள் பின்னால் வரிசையாக நின்றார்கள். கங்காதரன் படுக்கையருகே வந்ததும் அவள் குரலைத் தணித்துக்கொண்டு, "இவருக்குத் தடை எதுவும் இல்ல. கேட்டா தண்ணி குடுக்கலாம்" என்றாள். அதோடு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

தாட்சாயிணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர்த் தடை இல்லையா? கையில் பட்டை சுற்றினவள்தானே, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அன்றைக்கு எல்லார் முன்னாலும் வாங்கிக்கட்டிக்கொண்டது நினைவு வந்து, அப்புறம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்த அப்புறம் வரவேயில்லை. நிவேதிதா வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது வேம்புலியம்மாள். தாட்சாயிணி விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் கணவனின் காலைப் பிடித்துவிட்டபடி, "பயப்படாதய்யா. நாளைக்கு வெள்ளிக்கெயம. மெசினுக்குப் போனா இந்த இரைப்பெல்லாம் கொறஞ்சிடும்" என்றாள்.

"ஆமா நைனா, நாளைக்கு மெஷின்ல போட்டா மூச்சு லேசாயிடும்" என்றாள் தாட்சாயிணியும், தலையணையைத் தட்டிப் போட்டபடி.

அப்புறம் என்ன சந்தேகம்? நாளைக்கு டயாலிசிஸ் என்றால் இன்றைக்குத் தண்ணீர் கூடாது. தலைமாட்டில் ஒரு பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. இத்தனை வருஷம் கட்டுப்பாடாக இருந்த அம்மாள் இப்படி அசட்டையாக வைத்திருக்கிறாளே என்று நினைத்து, அந்த அம்மாள் காலைப் பிடிப்பதிலேயே கவனமாக இருக்க, அதை எடுத்துக் கீழே அலமாரிக்குள் வைத்தாள்.

மத்தியானம் வேம்புலியம்மாளின் முகம் கறுத்துக் கிடந்தது. முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை என்றாள். மகள் திருவள்ளூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள், இன்னும் வந்து சேரவில்லை.

"போயி ரெண்டு இட்லி சாப்ட்டு வாங்கம்மா. நான் பாத்துக்கறேன்" என்றாள் தாட்சாயிணி.

"உட்டுட்டுப் போவ மனசே வரல."

"நான் இருக்கேன்ல."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் வேலையை விட்டது, பெஞ்சில் உட்கார்ந்தது, தெரு சிரித்ததைப் பொறுத்துக்கொண்டது எல்லாம். அதைச் சொன்னபோது அவளுக்கு உள்ளே ஒரு நிறைவு இருந்தது. வேம்புலியம்மாள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கங்காதரன் கண்ணைத் திறந்தார். "தண்ணி" என்றார்.

பஞ்சை நனைத்து, பிழிந்து, உதட்டைத் துடைத்துவிட்டாள். அவர் நாக்கை நீட்டிப் பஞ்சைத் தேடினார்.

"போதும் நைனா. நாளைக்கு மெஷின் முடிஞ்சதும் குடுக்கிறேன்."

"தண்ணி குடும்மா. தொண்டை ஒட்டிகினு கீது."

மூச்சு கரகரவென்று இரைந்தது. அந்தச் சத்தத்தை அவள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் ஒரு வாய் போனாலும் ஆபத்து என்று அவளுடைய பழைய படிப்பு அடித்துச் சொன்னது. தலையை உயர்த்திவைத்தாள், நெற்றியை வருடினாள். அவர் மறுபடி கேட்டார். இந்த முறை கேட்டது போலீசிடம் அல்ல; கெஞ்சுகிற குரல் அது, பெயர் தெரியாத யாரிடமோ கேட்பதுபோல இருந்தது. ஆனாலும் அவர் நல்லதுக்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் படாமல் இருந்தால் கேட்கமாட்டார் என்று, கால்மாட்டுப் பக்கம் போய் விரிப்பின் மூலையை இழுத்துச் செருகினாள். இன்னொரு மூலையையும் செருகினாள். நிமிர்ந்தபோது இரைப்பு நின்றிருந்தது.

சிஸ்டர் என்று கூப்பிட்டாள். நிவேதிதா வந்தாள், நாடியைப் பார்த்தாள், டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். டாக்டர் நடந்துதான் வந்தார். யாரும் நெஞ்சை அமுக்கவில்லை, எந்த அவசர மருந்து வண்டியும் உருண்டு வரவில்லை. டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார், இறந்த நேரத்தைச் சொன்னார், போய்விட்டார்.

"ஏன் சிஸ்டர் யாரும் எதுவும் பண்ணல?" என்றாள் தாட்சாயிணி.

நிவேதிதா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "டயாலிசிஸ் நிறுத்தியாச்சே. பிரஷர் கீழ போயிட்டே இருக்கு, மெஷின்ல போட்டா அங்கேயே போயிடுவாருன்னு நேத்து ராத்திரியே டாக்டர் சொல்லிட்டாரு. அதான் காலையில சொன்னேன், தடை இல்ல, கேட்டா தண்ணி குடுக்கலாம்னு. அவருக்கு மட்டும் விஷயம் தெரிய வேணாம்னு அந்தம்மா கேட்டுக்கிட்டாங்க."

தாட்சாயிணியின் கண் கீழே அலமாரிக்குப் போனது.

"தண்ணி கேட்டாரா?"

"கேட்டாரு."

நிவேதிதாவுக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. "அந்தம்மா வந்தா, தூக்கத்துல போயிட்டாருன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டு, திரையை இழுத்து மறைத்தாள்.

வேம்புலியம்மாள் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். திரையைப் பார்த்ததுமே பொட்டலம் கீழே விழுந்துவிட்டது. நிவேதிதா சொல்லவேண்டியதைச் சொன்னாள். அந்த அம்மாள் கூச்சல் போடவில்லை. கணவனின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, "எதுனா கேட்டாராம்மா?" என்றாள்.

தூக்கத்தில் போய்விட்டார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நிவேதிதா கண்ணால் அதைத்தான் சொன்னாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தாட்சாயிணியால் அது முடியவில்லை.

"தண்ணி கேட்டாரும்மா."

"குடுத்தியா?"

"இல்லம்மா."

வேம்புலியம்மாள் தலைமாட்டைப் பார்த்தாள். அங்கே பாட்டில் இல்லை. "ரொப்பி வச்சிருந்தேனே" என்றாள், தனக்குத்தானே பேசுகிறவள்போல. "டாக்டரு ராத்திரியே சொல்ட்டாரு, இனிமே கேட்டதக் குடும்மான்னு. நானா எடுத்துக் குடுத்தா, இத்தினி நாளு குடுக்காதவ இன்னிக்கு இன்னாத்துக்குக் குடுக்கறான்னு தெரிஞ்சிகினு பயந்துடுவாரு. அவரே கேக்கட்டும்னு இருந்தேன். ராவெல்லாம் கேக்கல. வுடிஞ்சும் கேக்கல. கேட்டா வாய் நெறைய குடுக்கலாம்னு பக்கத்துலயே குந்திகினு இருந்தேன்." நிமிர்ந்தாள். "மெசினு இல்லன்னு உனுக்கு யாரும் சொல்லலியா?"

பதில் தாட்சாயிணியின் நாக்கு நுனியில் இருந்தது. நீங்கதாம்மா காலையில சொன்னீங்க, நாளைக்கு மெஷின் இருக்குன்னு. பொய்யில்லை, சாக்கும் இல்லை, நடந்தது அதுதான். சொல்லிவிட்டால் பாரத்தில் பாதி இறங்கிவிடும். ஆனால் இறங்கிய பாதி எங்கே போய் உட்காரும் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த அம்மாள் இதோடு வீட்டுக்குப் போக வேண்டும், பூட்டி வைத்த சொம்பையும் டம்ளரையும் திறக்க வேண்டும், இன்னும் எத்தனையோ வருஷம் உயிரோடு இருக்க வேண்டும்.

"சொன்னாங்கம்மா. காலையில சிஸ்டர் சொன்னாங்க. நான்தான் எனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்" என்றாள்.

வேம்புலியம்மாள் அவளையே பார்த்தாள். அப்புறம் பாட்டிலைத் தேடிக் கண்டுபிடித்து, மூடியில் தண்ணீரை ஊற்றி, கணவனின் உதட்டைப் பிரித்து வாயில் விட்டாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. வாயோரம் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. தாட்சாயிணி துண்டை எடுத்துக் குனிந்தாள்.

"நீ தொடாத" என்றாள் வேம்புலியம்மாள்.

நிவேதிதா தாட்சாயிணியிடமிருந்து துண்டை வாங்கிக்கொண்டு, ரோஷினியைக் கூப்பிடச் சொன்னாள். ரோஷினி வந்தாள், பிணத்தை அதுவரை தொட்டறியாத பெண். திரைக்குள் நிவேதிதா மெல்லிய குரலில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், கண்ணை எப்படி மூடுவது, தாடையை எப்படிக் கட்டுவது, தலையை எப்படி வாருவது என்று. டீச்சரம்மா போன நாளிலிருந்து தாட்சாயிணி கற்றுக்கொள்ள ஏங்கியது அதைத்தான். வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

துணி மாற்றும் நேரத்துக்கு வேம்புலியம்மாளை வெளியே அனுப்பினார்கள். அந்த அம்மாள் நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். மகள் பூந்தமல்லி தாண்டிவிட்டாளாம், யாரோ வந்து சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினாள். அப்புறம் திடீரென்று, பின்னாலேயே வந்து நின்ற தாட்சாயிணியைப் பார்த்துத் தலையைத் தூக்கினாள்.

"காலையில நான் அவராண்ட சொன்னேனே, நாளைக்கு மெசினுக்குப் போலாம்னு. அத்தக் கேட்டுகினுதான் நீ குடுக்கலியா?"

"இல்லம்மா" என்றாள் தாட்சாயிணி. "நீங்க சொன்னது என் காதுலயே விழல."

அந்த அம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். காலையில் அந்தப் பேச்சுக்கு ஆமா நைனா என்று பதில் சொன்னவள் அவள்தான் என்பது இருவருக்குமே நினைவிருந்தது. வேம்புலியம்மாள் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது; உடம்பு முழுக்கக் குலுங்கியது. பக்கத்தில் உட்கார பெஞ்சில் இடம் இருந்தது. தாட்சாயிணி உட்காரவில்லை, உட்காரும்படி அந்த அம்மாளும் சொல்லவில்லை.